பார்க்கின்சன் நோயாளியின் தூக்கக் கோளாறை இரத்தப் பரிசோதனை காட்டுமா?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. உங்கள் தந்தைக்கு வயது 68. பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவு இரண்டு மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் இல்லை. கால்களை அசைத்துக்கொண்டே இருக்கிறார். பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுகிறார். நோய் தெரிய வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் உண்டு என்று உங்கள் தாயார் சொல்கிறார். காரணம் தெரிந்துகொள்ள ஒரு தொகுப்புப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள். அதில் ஃபெரிட்டின் 38, காலை எட்டரை மணிக்கு எடுத்த மெலடோனின் மிகக் குறைவு, சி-ரியாக்டிவ் புரதம் சற்று அதிகம், நியூரோஃபிலமென்ட் வயதுக்குரிய அளவைவிடக் கூடுதல். இவற்றில் எது தூக்கம் கெடுவதன் காரணத்தைச் சொல்கிறது, அவர் உதைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இரத்தம் நோயை முன்கூட்டிக் காட்டியிருக்குமா, 45 வயதில் இப்போது அதே பழக்கம் உள்ள உங்கள் அண்ணனும் பரிசோதித்துக்கொள்ளலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

பார்க்கின்சன் நோயாளியின் தூக்கம் கெட்டிருப்பதையோ, எதனால் கெட்டிருக்கிறது என்பதையோ தனித்து நின்று சொல்லும் இரத்தக் குறிப்பான் எதுவும் இன்று வழக்கமான மருத்துவப் பயன்பாட்டில் இல்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள நான்கு எண்களில் ஒன்று, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது. அது ஃபெரிட்டின். நான்கில் மிகச் சாதாரணமானதும் விலை குறைந்ததும் அதுதான் என்பதால் பலரும் அதைக் கடந்து சென்று, பெயர் புதிதாக இருக்கும் எண்ணைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள்.

எண்களுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. "தூக்கம் வரவில்லை" என்று நாம் ஒரே தொடரில் சொல்லிவிடுவது பார்க்கின்சன் நோயில் ஒரே கோளாறு அன்று. 1817-இல் இந்நோயை முதன்முதலில் விரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே நோய் முற்றும்போது தூக்கம் பெரிதும் குலைவதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்தக் குலைவுக்குள் எத்தனை வகைகள் இருக்கின்றன என்பது பிரிந்து தெரிய இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தூக்கம் தொடங்கியும் நிலைக்காமல் துண்டு துண்டாக உடைவது ஒன்று. கனவுகள் வரும் ரெம் தூக்கத்தில் தசைகள் தளராமல் போவதால், கனவில் செய்வதை உடல் உண்மையிலேயே செய்துவிடும் ரெம் தூக்க நடத்தைக் கோளாறு இன்னொன்று. படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற தவிப்பு எழுந்து, அசைத்தால்தான் அடங்கும் ஓய்வற்ற கால்கள் நோய்க்குறி வேறொன்று. பகல்நேர மிகை உறக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், இரவில் சிறுநீருக்காகப் பல முறை எழுதல், பார்க்கின்சன் நோய்க்கான முதன்மை மருந்தான லெவோடோபாவின் கடைசி வேளை விளைவு நள்ளிரவில் தீர்ந்து உடல் விறைத்துப் புரள முடியாமல் விழித்துக்கொள்ளுதல் ஆகியவையும் உண்டு. ஒரே நோயாளியிடம் இவற்றில் மூன்று நான்கு சேர்ந்திருப்பது வழக்கம். உங்கள் விவரிப்பிலேயே குறைந்தது மூன்று தெரிகின்றன. ஒவ்வொன்றின் பின்னணியும் வேறு என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பானைத் தேடுவது தொடக்கத்திலேயே பிழையாகிப்போன தேடல்.

இனி ஃபெரிட்டின். உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. இரத்தத்தில் அதன் அளவு சேமிப்பின் அளவை ஏறக்குறையக் காட்டும். பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருளான டோபமைனைத் தயாரிக்கும் வழியில் முதல் படியை நடத்தும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு இரும்பு தேவை; மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறைவது ஓய்வற்ற கால்கள் நோய்க்குறியின் அடிப்படைக் காரணங்களில் ஒன்று என்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற கருத்து. பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையில் இயல்பு வரம்பு 20-இலோ 30-இலோ தொடங்குவதாக அச்சிட்டிருப்பார்கள். அதனால் 38 என்ற எண்ணுக்கு அருகில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருந்திருக்காது. ஆனால் அந்த வரம்பு இரத்தசோகையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஓய்வற்ற கால்கள் விஷயத்தில் அளவுகோல் வேறு: அந்நோய்க்கான பன்னாட்டு ஆய்வுக் குழுவின் 2018 வழிகாட்டுதல், ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாய்வழி இரும்பு தருவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. உங்கள் அறிக்கையில் அலகு "ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம்" என்று இருந்தாலும் எண் மாறாது. இரண்டும் ஒரே அளவுதான்.

இங்கேதான் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் செயற்கையாக உயர்ந்து காட்டும். உங்கள் தந்தைக்கு அழற்சிக் குறி சற்றே உயர்ந்திருக்கும் நிலையிலும் ஃபெரிட்டின் 38 தான் என்றால், உண்மையான இருப்பு அதைவிடவும் குறைவாக இருக்கக்கூடும். ஆகவே இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற விழுக்காட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 20-க்குக் கீழே இருந்தால் ஐயம் வலுப்படும். இந்தப் பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில், முந்தைய நாள் இரும்பு மாத்திரை எதுவும் எடுக்காமல் செய்வதே முறை. இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியும் உடன் வர வேண்டும். 68 வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியாகாது.

இதில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நல்லெண்ணத்தோடு வீட்டிலேயே இரும்பு மாத்திரை தொடங்கிவிடுபவர்கள் இதில் சிக்குவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். இரும்பு, குடலில் லெவோடோபாவுடன் பிணைந்து அது இரத்தத்தில் சேரும் அளவைக் கணிசமாகக் குறைத்துவிடும். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கினால், தூக்கத்துக்காகக் கொடுத்த இரும்பு பகலின் நடையைக் கெடுக்கும். மருந்தின் விளைவு குறைந்ததைப் பார்க்கின்சன் முற்றிவிட்டதாகத் தவறாக எண்ணி லெவோடோபாவின் அளவைக் கூட்டவும் நேரலாம். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எந்த வேளையில் எது என்பதை மருத்துவரோடு அமர்ந்து அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். மேலும், இரவில் கால் அசைவது எல்லாமே ஓய்வற்ற கால்கள் ஆகிவிடாது. லெவோடோபாவின் விளைவு தீரும்போது உடல் முழுவதும் ஏற்படும் நிலைகொள்ளாமை, கால் நரம்புகள் பழுதுபட்டதால் வரும் எரிச்சல், அதிகாலையில் பாதத்தை இழுத்துப் பிடிக்கும் தசை இறுக்கம் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். நரம்புப் பழுது என்ற ஐயம் இருந்தால் வைட்டமின் பி12-ஐயும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தையும் பார்ப்பது பயனுள்ளது. லெவோடோபா உடலில் சிதையும் வழியில் மெத்தில் தொகுதிகள் செலவாவதால், அம்மருந்தை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் உயர்வதும் பி12 குறைவதும் நன்கு அறியப்பட்டவை.

அடுத்து மெலடோனின். உண்மையைச் சொன்னால், அந்தப் பரிசோதனைக்குச் செலவிட்ட பணம் வீண். மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பி இருட்டில் மட்டுமே மெலடோனினைச் சுரக்கிறது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு அது ஏறத் தொடங்கி, நள்ளிரவு கடந்து உச்சம் தொட்டு, விடியும்போது இறங்கிவிடும். பகல் வெளிச்சத்தில் எவருடைய இரத்தத்திலும் அது ஏறக்குறைய இல்லை எனலாம். காலை எட்டரை மணிக்கு எடுத்த இரத்தத்தில் மெலடோனின் மிகக் குறைவு என்பது, நண்பகலில் வானத்தில் விண்மீன் இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பானது.

முறையாக அளந்தால் அது சொல்லும் செய்தி மிகவும் சுவையானது. அலெக்சாண்டர் விடெனோவிச் தலைமையிலான குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பார்க்கின்சன் நோயாளிகளையும் அவர்களுக்கு ஒத்த வயதுடைய 15 பேரையும் மங்கிய வெளிச்சத்தில் தங்கவைத்து, 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு முறை இரத்தம் எடுத்து அளந்தார்கள். நோயாளிகளிடம் மெலடோனின் ஏற்றத்தாழ்வின் அலை தட்டையாகியிருந்தது; பகலில் மிகுதியாக உறங்குபவர்களிடம் அது இன்னும் தட்டையாக இருந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நோயின் தொடக்கநிலையில் இருந்த 30 பேரைப் பார்த்து, மெலடோனின் குறைந்திருப்பதையும், கார்டிசால் உயர்ந்திருப்பதையும், வெள்ளணுக்களில் பிமால்-1 என்ற கடிகார மரபணுவின் செயல்பாடு வழக்கமான தாளத்தில் இல்லாததையும் எழுதினார்கள். உடலின் உட்கடிகாரம் பார்க்கின்சன் நோயில் தளர்ந்துபோகிறது என்பதற்கு இரத்தம் தந்த மிகத் தெளிவான சான்றுகள் இவை. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகத்தான் 2017-இல் 31 நோயாளிகளுக்குப் பகலில் இரு வேளை பிரகாசமான வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தார்கள். பகல் உறக்கம் குறைந்தது. ஆனால் இந்த அறிவு ஒரு தனி மனிதரின் அறிக்கையாக மாறுவதற்குத் தடைகள் பல. இரவெல்லாம் இரத்தம் எடுக்க வேண்டும். அறை மங்கலாக இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை மெலடோனினைக் குறைக்கும். பார்க்கின்சன் மருந்துகளும் அதன் சுரப்பை மாற்றும். மாலையில் சில மணி நேரம் உமிழ்நீரில் அளந்து, சுரப்பு தொடங்கும் நேரத்தைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. உட்கடிகாரத்தை ஆராயும் மையங்கள் இரத்தத்தைவிட அதையே விரும்புகின்றன.

பகல் உறக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற மூளைப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் பார்க்கின்சன் நோயில் குறைவதை 2007-இல் வெளிவந்த இரு பிரேத மூளை ஆய்வுகள் காட்டின. அதைக் கேட்டதும் இரத்தத்தில் ஓரெக்சினை அளக்கலாமே என்று தோன்றும். நார்கோலெப்சி என்ற மிகை உறக்க நோயில் பயன்படும் ஓரெக்சின் அளவீடு மூளைத் தண்டுவடத் திரவத்தில் செய்யப்படுவது. இரத்தத்தில் எடுக்கும் அளவு மூளையின் நிலையை நம்பத்தகுந்தபடி காட்டுவதில்லை. உங்கள் தந்தையின் பகல் உறக்கத்துக்கு இதைவிட அருகில் உள்ள காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் ஒத்த மருந்துகள் எடுக்கிறாரா? இம்மருந்துகளால் முன்னறிவிப்பின்றி உறக்கம் தாக்குவது 1999-இல் வாகன விபத்துகளின் வழியாகத்தான் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா? தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக உள்ளனவா? இவற்றை யாரும் உயிர்க்குறிப்பான் என்ற பெருமையான பெயரால் அழைப்பதில்லை. ஆனாலும் இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுபவரின் தூக்கத்துக்குச் சர்க்கரை அளவு சொல்லும் விளக்கம், எந்தப் புதிய புரதமும் சொல்வதைவிட நேரடியானது.

சி-ரியாக்டிவ் புரதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களையும் பார்க்கின்சன் தூக்கக் கோளாறுகளோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. பல் ஈறு வீங்கினாலும், சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தாலும், உடற்பருமன் இருந்தாலும், பல நாள் தூக்கமே கெட்டாலும் இவை உயரும். காரணமா விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாத எண்ணை வைத்துச் சிகிச்சை எதையும் தீர்மானிக்க இயலாது. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்; முதிய பார்க்கின்சன் நோயாளிகளின் இரவுக் குழப்பத்துக்கு அது அடிக்கடி மறைந்திருக்கும் காரணம்.

நியூரோஃபிலமென்ட் என்பது நரம்புச் செல்களின் நீண்ட இழைகளுக்கு உள்சட்டமாக இருக்கும் புரதம். இழைகள் சிதையும்போது அதன் இலகு சங்கிலி எனப்படும் பகுதி மிக நுண்ணிய அளவில் இரத்தத்துக்கு வருகிறது. ஒற்றை மூலக்கூறுகளை எண்ணும் அளவுக்குக் கூர்மையான கருவிகள் வந்த பிறகுதான் அதை இரத்தத்தில் அளப்பது கைகூடியது. நரம்பு சிதைகிறது என்று சொல்லுமே தவிர, எந்த நோயால், எந்த இடத்தில் என்று அது சொல்லாது. வயது ஏறினால் அது ஏறும். சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும். உடல் எடை கூடியவர்களிடம் நீர்த்துக் குறைந்து தெரியும். பார்க்கின்சன் நோயில் அதன் உயர்வு பெரும்பாலும் மிதமானது. அதை ஒத்துத் தோன்றும் பல நரம்பு அமைப்புகளையும் ஒருசேரத் தாக்கும் பல்லமைப்புச் சிதைவு நோயிலும் (எம்.எஸ்.ஏ.), கண்களை மேலும் கீழும் அசைப்பது முடங்கும் நோயிலும் (பி.எஸ்.பி.) உயர்வு நன்றாகவே கூடுதல். ஆகவே இந்த எண்ணின் பயன், நோய் உண்மையிலேயே பார்க்கின்சன்தானா என்று ஐயம் இருக்கும்போது மருத்துவரின் தீர்ப்புக்குத் துணை நிற்பதில் இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக லெவோடோபாவுக்கு நன்கு இணங்கிவரும் ஒருவரிடம் "வயதுக்குரிய அளவைவிடக் கூடுதல்" என்ற ஒற்றை எண் தூக்கத்தைப் பற்றி எதையும் சேர்ப்பதில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அவருடைய கிரியாட்டினின் அளவை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடக்கூடும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இத்துறையில் இன்று மிகவும் செழிப்பான பகுதி. தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் ஒரு தனி நோய் என்று 1986-இல் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மகோவால்டு ஆகிய இருவரும் அவர்களின் குழுவினரும் விவரித்தார்கள். அவர்களே தங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1996-இல் 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்ததை எழுதினார்கள். பிறகு பல நாடுகளைச் சேர்ந்த 24 மையங்கள் இணைந்து 1,280 பேரைத் தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு ஏறக்குறைய 6 விழுக்காட்டினர் பார்க்கின்சன், லூயி உடல் மறதிநோய், பல்லமைப்புச் சிதைவு ஆகியவற்றில் ஒன்றை அடைவதையும், 12 ஆண்டுகளில் அது 73 விழுக்காட்டைத் தாண்டுவதையும் காட்டியது. ஆகவே உங்கள் தாயார் நினைவுகூர்வது தற்செயலான செய்தியன்று. நோய் அப்போதே மூளைத்தண்டில் தொடங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. ரெம் தூக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் உருமாறித் திரளும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம், நடுக்கத்துக்குக் காரணமான மேற்பகுதியை எட்டுவதற்கு முன்பே பலரிடம் அந்தச் செல்களைத் தாக்கிவிடுகிறது.

அப்படியானால் அந்தப் புரதத்தை இரத்தத்தில் தேடினால் என்ன? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் முட்டிக்கொண்ட சுவர் இது. இரத்தத்தில் உள்ள ஆல்ஃபா சைனுக்ளினில் 99 விழுக்காட்டுக்கு மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது சில சிவப்பணுக்கள் உடைந்தாலே போதும், மூளையிலிருந்து வந்த சிறு துளி அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும். தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று உயர்வு என்றும் இன்னொன்று குறைவு என்றும் முரண்பட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம். மொத்த அளவை விட்டுவிட்டு, உருமாறிய புரதம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலைச் சோதிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. தயிரின் உறை பாலை உறைய வைப்பதுபோல, உருமாறிய சைனுக்ளின் தன்னருகே உள்ள இயல்பான சைனுக்ளினையும் தன்னைப்போல் உருமாற்றும். நோயாளியின் மாதிரியில் ஒரு துளியை இயல்பான புரதக் கரைசலில் இட்டு, கரைசல் திரிகிறதா என்று பார்ப்பதே விதைப் பெருக்கச் சோதனை. மூளைத் தண்டுவடத் திரவத்தில் இது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக வேலை செய்கிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ரெம் தூக்க நடத்தைக் கோளாறு மட்டும் இருந்த 52 பேரில் 90 விழுக்காட்டினரிடம் விதை இருந்தது. 2023-இல் 1,123 பேரை உள்ளடக்கிய பெரிய ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரிடம் அது தென்பட்டது.

இரத்தத்தில் அதைச் செய்வது கடினம். இருந்தாலும் வழிகள் திறந்துகொண்டிருக்கின்றன. ஜப்பானின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகக் குழு 2023-இல், இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்திலிருந்து சைனுக்ளின் விதைகளை எதிர்ப்புரதத்தால் பிடித்துச் செறிவாக்கிப் பெருக்கும் முறையை வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு குழு வேறு வழியில் சென்றது: நரம்புச் செல்கள் வெளியிடும் நுண்குமிழ்களை இரத்தத்திலிருந்து பிரித்து, அவற்றுக்குள் இருக்கும் சைனுக்ளினை அளந்து, பின்னாளில் நோய் வந்தவர்களில் பலரிடம் ஏழு ஆண்டுகள் முன்பு வரை அது உயர்ந்திருந்ததை 2024-இல் தெரிவித்தது. இங்கே ஒரு சர்ச்சையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குமிழ்களைப் பிடிக்க வழக்கமாகப் பயன்படும் எல்1-கேம் என்ற புரதம், இரத்தத்தில் குமிழின் மேல் ஒட்டாமல் தனியாகவே மிதக்கிறது என்று 2021-இல் வேறொரு குழு வாதிட்டது. பிடிபடுவது உண்மையிலேயே நரம்புக் குமிழ்தானா என்ற கேள்வி அதன் பிறகு அடங்கவில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் கவர்ச்சியாகத் தோன்றுவது, லண்டன் ஆய்வாளர்களும் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்களும் 2024-இல் வெளியிட்ட பணி. அவர்கள் சைனுக்ளினைத் துரத்தவில்லை. இரத்தத்தில் உள்ள எட்டுப் புரதங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு உடையவர்களின் மாதிரிகளில் 79 விழுக்காட்டை அந்தக் கணிப்பு பார்க்கின்சன் பக்கம் சேர்த்தது. நோய் வெளிப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு வரை எடுத்த மாதிரிகள் அவற்றில் இருந்தன. எட்டில் பெரும்பாலானவை அழற்சியோடும் புரத மடிப்புச் சிக்கல்களோடும் தொடர்புடையவை. ஒன்று மட்டும் தூக்கத்துக்கே நெருங்கிய உறவு: மூளையில் உறக்கத்தைத் தூண்டும் பொருள்களில் ஒன்றான புரோஸ்டாகிளாண்டின் டி2-ஐத் தயாரிக்கும் நொதி. அது அந்தப் பட்டியலில் இருப்பதற்குப் பொருள் என்ன என்பதை இனிமேல்தான் பிரித்தறிய வேண்டும். ஆனால் தூக்கக் கோளாறு உடையவர்களின் இரத்தத்தில் அப்புரதம் தானே வந்து நிற்பதை நான் எளிதில் கடந்துவிட மாட்டேன். இவ்வளவும் ஆய்வுக்கூடச் செய்திகள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் தந்தை உதைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவற்றில் எதுவும் இல்லை. எவரும் எதையும் தவறவிடவில்லை.

அண்ணனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதலில் அவருக்கு இருப்பது அதே கோளாறுதானா என்பதே இன்னும் தெரியாது. 45 வயதில் தூக்கத்தில் கத்தி உதைப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரைகள். வென்லாஃபாக்சினும் செரட்டோனின் சார்ந்த பிற மருந்துகளும் இதில் பெயர் பெற்றவை. இன்னொரு பகுதியினருக்குத் தூக்கத்தில் கடுமையாக மூச்சுத் தடைபடுவதே கனவோடு கலந்த உதறலாக வெளிப்படும். மூச்சுக் கருவியால் அதைச் சரிசெய்ததும் உதைப்பது நின்றுவிடும். இவற்றைப் பிரித்தறிய இரத்தம் உதவாது. ஓர் இரவு தூக்க ஆய்வுக்கூடத்தில் படுத்து, மூளை அலையும் கண்ணசைவும் தாடைத் தசையின் இறுக்கமும் மூச்சும் காணொளியோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். ரெம் தூக்கத்தில் தசை தளராமல் இருப்பதை அந்தப் பதிவில்தான் பார்க்க முடியும்.

பதிவில் கோளாறு உறுதியானாலும் அதன் பிறகு இரத்தப் பரிசோதனைக்கு விரைய வேண்டாம் என்பதே என் கருத்து. இதை வேறு விதமாகப் பார்க்கும் மருத்துவர்களும் உண்டு. இன்று பார்க்கின்சன் வருவதைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. வரும் என்று ஒரு எண் சொன்னால் அதோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். வராது என்று சொன்னால் அந்த ஆறுதலை நம்பலாமா என்பதற்கு இந்தப் பரிசோதனைகள் இன்னும் உத்தரவாதம் தருவதில்லை. அவர் அறிய விரும்பினால், ஆலோசனையும் தொடர் கவனிப்பும் உடன் தரும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்வது, கட்டணம் கட்டித் தனியாக ஒரு எண்ணை வாங்கி வருவதைவிட எல்லா வகையிலும் மேல். தந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஜிபிஏ-1 மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பங்களில் இந்தத் தூக்கக் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது, அண்ணனுக்கான ஆலோசனையும் அதற்கேற்ப மாறும். அதுவரை அவருடைய கட்டிலின் உயரத்தைக் குறைத்து, கூர்முனை உள்ள மேசையை அப்புறப்படுத்தி, உடன் படுப்பவர் சில வாரங்கள் தனிப் படுக்கைக்கு மாறுவது போதுமானது.

தந்தைக்கு அடுத்த சந்திப்பில் எடுத்துச் செல்ல வேண்டியவை: இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு, ஒவ்வொரு மருந்தையும் எடுக்கும் நேரம், கால் தவிப்பு தொடங்கும் நேரமும் எழுந்து நடந்தால் அது அடங்குகிறதா என்பதும், குறட்டையைப் பற்றி உங்கள் தாயார் சொல்வது, ஃபெரிட்டின் அறிக்கை. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பி12, தைராய்டு, சர்க்கரை, கிரியாட்டினின் ஆகியவற்றை ஒரே முறை இரத்தம் எடுக்கும்போதே சேர்த்துவிடலாம். அவர் பகலில் வண்டி ஓட்டுபவராக இருந்தால், இந்த முடிவுகளுக்காகக் காத்திராமல் சாவியை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.